மூன்று மணி வகுப்பும் ஒரு கலர் சான்றிதழும்

எங்கள் ஹோட்டலில் வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேரிடம் மத்திய அரசின் திறன் சான்றிதழ் இருக்கிறது. கலர் தாள், க்யூஆர் கோடு, ஆங்கிலமும் இந்தியும். அது வந்த அன்றைக்குத் தன் பெயர் எது என்று பார்த்து எடுத்துக்கொண்டது ரூம் பையன்கள் மட்டும்தான். சமையலறை அக்காக்கள், தோட்டத்து அண்ணன், கொத்தனார் எல்லாரும் "தம்பி, இதுல என்னது எது?" என்று என்னிடம் கேட்டுத்தான் வாங்கிப் போனார்கள். தமிழிலேயே அச்சிட்டிருந்தாலும் அவர்களில் பலர் கேட்டுத்தான் இருப்பார்கள். ஒருவர் திறமைசாலி என்று சர்க்கார் எழுதிக் கொடுத்த தாளை அவராலேயே படிக்க முடியவில்லை என்பது எனக்கு அன்றைக்கு ஒரு மாதிரியாக இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான். அதனால்தான் இந்தப் பதிவு.

நான் இருப்பது கானாடுகாத்தான் பக்கம். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹெரிட்டேஜ் ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள், அதில் கணக்கு என் வேலை. கணக்கு என்றால் வரவு செலவு மட்டும் இல்லை. வருகைப் பதிவு, பிஎஃப், இஎஸ்ஐ, லீவு, யாருக்கு யாரோடு சண்டை என்பது வரை என் மேஜைக்குத்தான் வரும். பயிற்சி என்று யாராவது வந்தால் அதுவும் என் தலையில்.

அப்படி வந்ததுதான் ஆர்பிஎல். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015-ல் தொடங்கிய பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனாவில் இது ஒரு பகுதி. முழுப் பெயர் ஆங்கிலத்தில் Recognition of Prior Learning, தமிழில் முன்கற்றலுக்கான அங்கீகாரம். பள்ளிக்கூடம், ஐடிஐ எதற்கும் போகாமல் வேலை செய்து செய்தே தொழில் கற்றவர்களைச் சோதித்துப் பார்த்து, "ஆமாம், இவருக்கு இது தெரியும்" என்று சான்று தருவது. எங்களுக்கு நடந்த சமயத்தில் குறைந்தது 12 மணி நேரம் வழிகாட்டல் வகுப்பு, அதன் பிறகு வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து தேர்வு, தேறினால் சான்றிதழும் வங்கிக் கணக்கில் 500 ரூபாயும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயரும் ஒரு தரநிலையும் உண்டு, அது தேசியத் தகுதிக் கட்டமைப்பில் எந்தப் படியில் வருகிறது என்பது தாளில் இருக்கும். 2013-ல் அறிவித்தபோது பத்துப் படிகளாக இருந்த கட்டமைப்பு இப்போது எட்டாகிவிட்டது.

யோசனை அருமையானது. செட்டிநாட்டில் இப்படி ஒரு திட்டம் வேண்டாம் என்று சொல்ல ஒருத்தர்கூட இருக்க மாட்டார்கள். தச்சு வேலை, ஆத்தங்குடித் தரைக் கல், ஓலைக் கொட்டான் பின்னுவது, கண்டாங்கி நெசவு, சமையல் என்று இங்கே இருக்கும் தொழில் எதுவும் வகுப்பறையில் கற்றது இல்லை.

நடந்த விதம்தான் அருமையாக இல்லை. பயிற்சி நிறுவனத்துக்காரர்கள் கையில் ஒரு பட்டியலோடு வந்தார்கள், அதில் இருக்கிற வேலைகளுக்குத்தான் ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் சமையலறையின் மூத்த அக்கா உப்புக்கறியும் கவுனி அரிசியும் செய்தால் மதுரையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு சாப்பிட வருகிறார்கள். அவரைக் கொண்டுபோய் 'மல்டி குசீன் குக்' பெயரில் சேர்த்தார்கள். வொயிட் சாஸுக்கு என்னென்ன போட வேண்டும் என்று ஒரு கேள்வி. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தேங்காய்ப்பால்ல செய்யலாமே" என்றார். எனக்கென்னவோ அது சரியான பதிலாகத்தான் பட்டது.

கொத்தனாருக்கு நடந்தது அதைவிட மோசம். அவர் சுண்ணாம்பு வேலைக்காரர். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து, அடுக்கு அடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, சுவர் பளபளவென்று முகம் காட்டும் வரை தேய்க்கிற ஆள். இந்த வேலை தெரிந்தவர்களை இன்றைக்குக் காரைக்குடியைச் சுற்றி விரல் விட்டு எண்ணிவிடலாம். வந்தவர்கள் பட்டியலில் இருந்ததோ செங்கலும் சிமெண்டும் வைத்துக் கட்டுகிற சாதாரண மேஸ்திரி வேலை. அதில்தான் அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். "நான் சிமெண்டு தொட்டு வருசக்கணக்காச்சு, அதுக்குப் போய் தாள் குடுக்குறாங்க" என்று சிரித்தார்.

அப்புறம் தேர்வு. டேப்லெட்டில் கேள்வி வரும், நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு மதிப்பீட்டாளர் கேள்வியை வாசித்துக் காட்டினார், அது வரைக்கும் சரி. ஆனால் பயிற்சி நிறுவனத்து ஆள் ஒருவர் பின்னாலேயே நின்று எந்தக் கட்டத்தைத் தொட வேண்டும் என்று கண்ணால் காட்டிக்கொண்டே இருந்தார். எல்லாரும் பாஸ். இப்படி வாங்கிக் கொடுக்கிற சான்றிதழால் யாருக்கு லாபம் என்று எனக்குத் தெரியும், எங்கள் ஆட்களுக்கு இல்லை. தலைக்கு இத்தனை என்று காசு வருகிற இடத்தில் தலையை எண்ணத்தான் செய்வார்கள்.

சான்றிதழ் வந்து கொஞ்ச நாளில் பாத்ரூம் கழுவுகிற அமிலத்தை முற்றத்துத் தாழ்வாரத்துத் தரையில் ஊற்றிவிட்டார் ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு அக்கா. ஆத்தங்குடிக் கல் என்பது அடுப்பில் சுட்ட டைல் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கலர் கலந்த சிமெண்டுப் பாலை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் கொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது, மேலே பூசினது இல்லை. அமிலம் பட்டால் சிமெண்டு அரித்துப்போகும், திரும்ப வராது. நல்லவேளை, ஓரமாக நாலைந்து கல்லோடு போயிற்று. அந்த அக்காவும் சான்றிதழ் வாங்கினவர்தான், 'ரசாயனங்களைப் பாதுகாப்பாகக் கையாளுதல்' பகுதியில் நல்ல மார்க். அவர் பாட்டிலை நிறத்தை வைத்து அடையாளம் வைத்திருந்தார். சப்ளையர் வேறு கம்பெனிக்கு மாறியபோது நிறமும் மாறிவிட்டது. பாட்டிலில் பெரிய எழுத்தில் எல்லாம் போட்டுத்தான் இருந்தது.

முதலாளி சம்பளத்தில் பிடிக்கலாமா என்று கேட்டார். பிடித்தால் அடுத்த தடவை யாரும் சொல்ல மாட்டார்கள், மறைத்துவிடுவார்கள் என்றேன். பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக நான் கேட்டது தினமும் ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லா இடத்திலும் பிரச்சினை. சாயங்காலம் என்றால் முடியாது. ஊர்களுக்குப் போகிற டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது, வீட்டில் உலை வைக்க வேண்டும். காலையில் கேட்கவே வேண்டாம். ஹோட்டலில் செத்த நேரம் ஒன்று உண்டு: மதியச் சாப்பாடு முடிந்து, இலை எடுத்து, பாத்திரம் கழுவி, கெஸ்டெல்லாம் தூங்கப் போன பிறகு, டீக்கு முன்னால். மூன்றிலிருந்து நாலு, நாலேகால். அந்த நேரத்தை டியூட்டி நேரமாகவே வைக்க வேண்டும், வகுப்புக்கு வந்தால் வேலைக்கு வந்த மாதிரி என்று கேட்டேன். முதலாளி முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார். ஓய்வு நேரத்தில் வந்து படி என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் வந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பக்கத்து ஊரில் ரிட்டயர் ஆன தலைமை ஆசிரியை ஒருவர் வந்து சொல்லித்தரச் சம்மதித்தார். டீச்சரம்மா முதல் நாள் எழுத்தையே தொடவில்லை. எல்லாரையும் உட்காரவைத்து ஒரு அரிசித் தட்டில் கல் பொறுக்கச் சொன்னார். நாற்பது தாண்டினவர்கள் தட்டைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார்கள். வெள்ளெழுத்து. "எனக்கெல்லாம் படிப்பு ஏறாதுப்பா" என்று சொல்கிறவர்களில் எத்தனையோ பேருக்குக் கிட்டத்துப் பொருள் தெரியவில்லை, அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கண் பார்த்துக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். இந்த வகுப்புக்கு ஆன செலவிலேயே உருப்படியான செலவு அதுதான். ஒரு அக்கா கண்ணாடி மாட்டியதும் முதலில் பார்த்தது புத்தகத்தை இல்லை, தன் கைரேகையை. "இத்தனை கோடா!" என்றார்.

பாடப்புத்தகமும் டீச்சரம்மா முதலில் எடுக்கவில்லை. அஞ்சறைப் பெட்டியை எடுத்தார். முதல் வார்த்தை கசகசா. யோசித்துப் பாருங்கள், இரண்டே எழுத்து, ஒரு கால், முழு வார்த்தை வந்துவிடுகிறது, அதுவும் தினம் கையில் அள்ளுகிற சாமான். அடுத்து பட்டை, உப்பு, பருப்பு, சோம்பு. மராட்டி மொக்கு வர ரொம்ப நாளாயிற்று. டப்பாவில் ஒட்டுகிற சீட்டை அவர்களே எழுத வேண்டும் என்று வைத்தோம். கோணல் மாணலாக 'மிளகய்' என்று எழுதின சீட்டு இன்னும் ஒரு டப்பாவில் இருக்கிறது, நான் மாற்றவிடவில்லை.

எண்கள் அவர்களுக்குத் தெரியாததில்லை. போன் நம்பர், பஸ் நம்பர், சீட்டுக் கணக்கு எல்லாம் வாயிலேயே ஓடும், ஏலச்சீட்டுத் தள்ளுபடியை என்னைவிட வேகமாகச் சொல்வார்கள். எழுதிப் பார்க்கிற பழக்கம்தான் இல்லை. அதனால் ஃபிரிட்ஜில் வைக்கிற ஒவ்வொரு டப்பாவிலும் செய்த தேதியை எழுதுவது என்று ஆரம்பித்தோம். உணவைச் சுத்தமாகக் கையாளச் சொல்லித்தருகிற, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்டாக் (FoSTaC) பயிற்சி பற்றி ஹோட்டல்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், உணவைக் கையாளுகிற 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் இடத்தில் அந்த ஒருவர் ரூம் சர்வீஸ் பையன், ஏனென்றால் அவன்தான் படித்தவன். சமையலறைக்கு உள்ளேயே போகாத மேற்பார்வையாளர்! இப்போது அந்தப் பொறுப்பை மூத்த அக்காவிடம் கொடுப்பதாக இருக்கிறோம். ஃபிரிட்ஜ் கதவில் வெப்பநிலையை எழுதுவது இப்போதே அவர்தான்.

வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது எழுத்தறிவுத் தேர்வுக்கும் பெயர் கொடுத்தோம். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று 2022-ல் தொடங்கி 2027 வரை நடக்கிறது, உல்லாஸ் என்றும் சொல்கிறார்கள். 15 வயதுக்கு மேல் யார் வேண்டுமானாலும் சேரலாம், 200 மணி நேரம் படிப்பு, பிறகு படிக்க, எழுத, கணக்குப் போட என்று ஒவ்வொன்றுக்கும் 50 வீதம் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. தமிழ்நாட்டில் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 80.09 சதவீதம், பெண்களில் 73.44. அந்த மீதிப் பேரெல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டியதில்லை, எங்கள் மாதிரி இடங்களில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, வகுப்பால் என்ன ஆயிற்று? முதலில் ஆனது ஒரு சண்டை.

எங்கள் இடத்தில் டிப்ஸ் பெட்டி ஒன்று உண்டு. மாதக் கடைசியில் திறந்து பங்கு பிரித்து, கணக்கை எழுதிச் சமையலறைக்குப் போகிற வழியில் சுவரில் ஒட்டுவோம், ஹோட்டல் ஆரம்பித்த காலத்திலிருந்து அப்படித்தான். ஒருநாள் மசாலா அரைக்கிற அக்கா அதன் முன்னால் நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரல் வைத்துச் சத்தமாகப் படித்தார். "ரூம்... ஒரு... பங்கு. சமையல்... அரை... பங்கு." திரும்பி என்னைப் பார்த்து, "இது என்ன தம்பி நியாயம்? கெஸ்ட் சாப்பிட்டுட்டுத்தானே காசு போடுறாக?" என்றார். அங்கே நின்ற பையன்கள் நழுவிவிட்டார்கள். விஷயம் முதலாளி வரைக்கும் போனது. "இதுக்குத்தான் படிக்கவச்சியா?" என்று கேட்டார், பாதி விளையாட்டு, பாதி நிஜம். இப்போது எல்லாருக்கும் ஒரே பங்கு. பையன்கள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார்கள். அடுத்த கேள்வி சம்பளச் சீட்டில் பிஎஃப் 12 சதவீதம் ஏன் போகிறது என்று. முதலாளியும் அதே அளவு போடுகிறார், அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகிறது என்று ஒரு மதியம் முழுக்க அதையே பாடமாக நடத்தினோம். வேலைக்கு வந்ததிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிற பணம் தங்களுடையது என்பது அன்றைக்குத்தான் சிலருக்குத் தெரிந்தது. பயிற்சி என்றாலே சில முதலாளிமார் தயங்குவதற்குச் செலவு மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், தொழிலிடப் பயிற்சி செட்டிநாட்டுக்குப் புதிது இல்லை. கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, கணக்கு எழுதக் கற்று, உதவியாளரான அடுத்தாளாகி, கடைசியில் கடைப் பொறுப்பைப் பார்க்கிற ஏஜெண்ட் ஆகிறது என்று படிப்படியாக ஒரு முறை இருந்தது. ஏஜெண்டுக்கு மூன்று வருடக் கெடு, பிறகு ஊருக்கு வந்து ஓய்வு. தாள் கொடுக்கவில்லையே தவிர, எந்தப் படியில் இருப்பவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த ஏணி பணப்பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு. அவர்கள் வீட்டைக் கட்டின கொத்தனாருக்கோ, அங்கே சமைத்தவர்களுக்கோ அப்படி ஒரு ஏணி கிடையாது. இப்போது சர்க்கார் போட்டுக் கொடுக்கிற ஏணியிலும் முதல் படி தரையிலிருந்து ரொம்ப உயரத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு கல் போட வேண்டியது எங்கள் மாதிரி ஆட்களின் வேலையாகிவிட்டது.

எங்கள் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறான். அவனிடம் இதைச் சொன்னபோது அங்கே எழுத்தறிவும் தொழில் பயிற்சியும் ஒரே குடையின் கீழ்தான் என்றான். ஆண்டுச் சம்பளக் கணக்கு ஐந்து லட்சம் ராண்டைத் தாண்டினால், கம்பெனி அதில் ஒரு சதவீதத்தைத் திறன் வரியாகக் கட்ட வேண்டும், 1999-ல் வந்த சட்டம். இந்த வருடம் யாருக்கு என்ன பயிற்சி என்று திட்டம் எழுதிக் கொடுத்தால் கட்டினதில் 20 சதவீதம் திரும்பி வரும். அந்தத் திட்டத்தில் முதியோர் கல்வியையும் காட்டலாம். அதில் நாலு நிலை இருக்கிறது, நாலாவது முடித்தால் ஒன்பதாம் வகுப்புக்குச் சமம், அதன் மேல் தொழில் தகுதிகளை அடுக்கிக்கொண்டே போகலாம். அங்கேயும் தாளுக்காகப் பயிற்சி நடத்துகிற கூட்டம் இருக்கிறது என்றும் சொன்னான், அதில் உலகமெல்லாம் ஒன்றுதான். இங்கே அப்படி வரி எதுவும் இல்லை. அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது, 30 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். அது வெளியிலிருந்து வரும் இளைஞர்களுக்கு. இருபது வருடமாக உள்ளேயே இருக்கிற அக்காவுக்கு அதில் எதுவும் இல்லை.

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர நடந்த அறிவொளி இயக்கம் இதையெல்லாம் முன்பே செய்து காட்டியது. பக்கத்தில் புதுக்கோட்டையில் 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது நடந்ததை எங்கள் அத்தை இன்னமும் சொல்வார், அவரும் தொண்டராகப் போனவர். கல் குவாரிப் பெண்களுக்குக் கூலிக் கணக்கை வைத்தே பாடம், கூடவே சைக்கிள். அத்தை அப்போது சைக்கிள் கற்றுக்கொண்டதைத்தான் இப்போதும் பெரிதாகச் சொல்வார். நல்ல பாடம் என்பது கற்பவரின் கையிலிருக்கும் வேலையிலிருந்து வர வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் ஸ்லைடு போட்டுக் காட்டவில்லை.

உங்கள் கடையிலோ பட்டறையிலோ இப்படிச் செய்ய நினைத்தால் என் கருத்து இதுதான். பயிற்சி நிறுவனம் வந்தால் முதலில் அந்த வேலைக்கான தரநிலைத் தாளை வாங்கிப் படியுங்கள், உங்கள் ஆள் செய்கிற வேலை அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், 500 ரூபாய்க்காகச் சுண்ணாம்புக்காரரை சிமெண்டுக்காரராக ஆக்க வேண்டாம். தேர்வு அறையில் பயிற்சி கொடுத்தவர்கள் நிற்கக் கூடாது என்று கறாராக இருங்கள். எழுத்து வகுப்பை முதலில் வையுங்கள், சான்றிதழ் அப்புறம் வரட்டும். சான்றிதழ் வாங்கினவருக்குச் சம்பளத்தில் ஏதாவது கூட்டுங்கள், நூறு இருநூறு என்றாலும் சரி, இல்லாவிட்டால் "இதை வச்சு என்ன தம்பி செய்ய?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. எங்கள் முதலாளி இதற்கு இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன் அவரிடம்.

தோட்டத்து அண்ணன் மட்டும் வேறு வழியில் போகிறார். அவருக்கு ஓரளவு படிக்கத் தெரியும், ஆறாவதில் நின்றவர். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதப்போகிறேன் என்று விண்ணப்பம் கேட்டிருக்கிறார். அதற்குப் பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றதும், "அது நிரம்பி நாலு தடவை ஆச்சே" என்றார். திறந்தநிலைப் பள்ளியில் மூன்று, ஐந்து, எட்டு வகுப்புகளுக்குச் சமமான நிலைகள் இருப்பதையும் சொன்னேன். அவருக்கு நேராக எட்டுதான் வேண்டுமாம், மகள் ஏழு படிக்கிறாள், அவளுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று.

இப்போது ஆத்தங்குடியில் டைல் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் ஆட்களையும் எங்கள் மூன்று மணி வகுப்புக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார். இடம் இருக்கிறது, டீச்சரம்மாவும் சரி என்கிறார். ஆனால் அங்கே மாதச் சம்பளம் கிடையாது, போடுகிற கல்லுக்குத்தான் காசு. ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரத்துக் கல் போச்சு. அதை யார் கொடுப்பது? நண்பர் பாதி தருகிறேன் என்கிறார், ஆட்கள் முழுசும் வேண்டும் என்கிறார்கள், எனக்கும் ஆட்கள் சொல்வதுதான் சரியென்று படுகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலேயே உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.